சக்கை பீரைப் பார்த்ததில்லை

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஃபிதென்சியோ ஒரு வாய் முயல் கறியை மென்றுகொண்டிருந்தபோது அவன் மச்சான் சிரிலோ தன்பாட்டுக்குச் சிரித்தான். வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

"என்ன மாப்ள சிரிப்பு?"

"ஒண்ணுமில்ல மச்சான். நீ குடிக்கமாட்டேன்னு மாதா முன்னால சத்தியம் பண்ணிட்ட. இந்த மொசலு பண்ணலியே! பால் மறந்த நாள்லேர்ந்து பீர்ச் சக்கையத் தின்னு வளந்தது. அதுக்குள்ள எத்தன பாட்டில் இருக்கோ! மத்தவன் வாயால குடிக்கிறான், நீ பல்லால குடிக்கிற. அவ்வளவுதான் வித்தியாசம்."

மேசையைச் சுற்றி இருந்த எல்லோரும் சிரித்தோம். பக்கத்து வீட்டுக்காரி என்று சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள், நானும் சிரித்தேன். ஃபிதென்சியோவின் தாடை அப்படியே நின்றுவிட்டது. விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். பிறகு எழுந்து கொல்லைப்பக்கம் போய் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து, தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, வெறும் சோள ரொட்டியில் வதக்கிய சப்பாத்திக்கள்ளியைச் சுருட்டித் தின்றான்.

எங்கள் ஊரில் குடியை நிறுத்த நினைப்பவன் கோயிலுக்குப் போய், பாதர் பார்க்க, குவாதலூப்பே மாதா முன் முழந்தாளிட்டு, இன்ன திருவிழா வரை தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டு வருவான். அதன்பிறகு ஊரே அவனுக்குக் காவல். "சத்தியத்துல இருக்கேன்" என்று அவன் சொன்னால் போதும், பெருங்குடிகாரன்கூட நீட்டிய கோப்பையைத் திருப்பி எடுத்துக்கொள்வான். ஆனால் சத்தியத்தில் இருப்பவன் பாடு பெரும்பாடு, கண்ணுகளா. கற்றாழைக் கள் ஊற்றி அரைத்த மிளகாய்ச் சட்னியைத் தொடலாமா, ரம் தெளித்த கேக்கைத் தின்னலாமா, இருமல் மருந்து குடிக்கலாமா என்று ஒவ்வொன்றுக்கும் நின்று யோசிப்பான். அதனால் ஃபிதென்சியோ தட்டைத் தள்ளியது எங்களுக்கு வேடிக்கையாக இருந்ததே தவிர, அதிசயமாக இல்லை.

அவன் இதற்கு முன்பும் சத்தியம் செய்து முறித்தவன்தான். இந்தத் தடவை சங்கதி வேறு. மகள் நெரெய்தாவின் கல்யாணத்தன்று பீடம் வரை அவள் கையைப் பிடித்து நடத்திப்போக வேண்டியவன் கோயிலுக்குப் பின்னால் ஒரு வைக்கோல் வண்டிக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்தான். சிரிலோதான் அவளை நடத்திப்போனான். மறுநாள் பச்சூக்கா நகரத்துக்குப் பஸ் ஏறியவள், "அப்பா ஒரே ஒரு சத்தியத்தையாவது முழுசா முடிக்கட்டும், அப்ப வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதன் பிறகு இந்த வாசலை மிதிக்கவில்லை. அவளுக்கு ஒரு மகன் பிறந்து, தவழ்ந்து, நடக்கவும் தொடங்கிவிட்டான். தாத்தா அவனைப் படத்தில் மட்டும்தான் பார்த்திருந்தான். இப்போதைய சத்தியம் மே மாதம் வரும் சான் இசித்ரோ திருவிழா வரை. அன்றைக்கு வருவதாக நெரெய்தா அம்மாவிடம் போனில் சொல்லியிருந்தாள்.

அவன் மனைவி தொமிதிலாவின் முயல்களும் அதே திருவிழாவுக்குத்தான் வளர்ந்துகொண்டிருந்தன. ஆனைக்கற்றாழையின் மடல்தோலில் மசாலாக் கறியைப் பொதிந்து ஆவியில் வேகவைத்து விற்கும் பெண்கள் எல்லோரும் அவளிடம்தான் சொல்லி வைத்திருந்தார்கள். முதுகுத் தண்டைக் கிள்ளிப் பார்த்தால் எலும்பு தட்டக்கூடாது, சதை தட்டவேண்டும், அதுதான் அவர்கள் கணக்கு. ஏப்ரல் மாதம். மழை வர இன்னும் நாள் இருந்தது. சமவெளியில் பச்சை என்று சொல்ல ஒரு புல் இல்லை. குதிரைமசால் தழையை வாங்கிக் கட்டுப்படியாகாது, மூட்டைத் தீவனத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம். கைகொடுத்தது ஹசிந்தாவின் பீர்க் கூடத்துச் சக்கைதான்.

ஹசிந்தா எங்கள் ஊர்ப் பெண். எல்லைப்பக்கம் ஒரு பெரிய பீர்க் கூடத்தில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, பழைய ரயில் நிலையத்துக்கு அருகில் சின்னதாக ஒன்றைத் தொடங்கியிருந்தாள். காய்ச்சும் நாள்களில் அந்தத் தெருவே சுடச்சுட ரொட்டி சுட்டதுபோல் மணக்கும். முளைகட்டிய பார்லியை வெந்நீரில் ஊறவைத்து, தித்திப்பான நீரை வடித்துக்கொண்டு, மிச்சமான சக்கையை மூட்டையில் கொட்டி வைப்பாள். ஃபிதென்சியோ ஒற்றைச் சக்கர வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் அதைச் சூட்டோடு கொண்டுவருவான். அன்றைக்குத் தேவையானதை எடுத்துக்கொண்டு மீதியை மாடியில் தார்ப்பாய் விரித்துப் பரப்பி, அடிக்கடி கிளறிக் காயவைப்பாள் தொமிதிலா. ஈரமாக விட்டால் மறுநாளே புளிக்கும். புளித்ததைத் தின்ற குட்டிக்கு வயிறு உப்பும், உப்பினால் பிழைக்காது. சக்கையோடு சோளத்தட்டைத் தூளும் கிடைத்தால் கொஞ்சம் குதிரைமசாலும் கலந்து வைத்தால், குட்டிகள் கிண்ணத்துக்குள்ளேயே ஏறி நின்று தின்னும்.

திங்கட்கிழமை காலை ஃபிதென்சியோ வண்டியைத் தொடவில்லை.

"என்ன கெழவா, ஹசிந்தா காய்ச்சுற நாளு. போகலயா?"

"போகமாட்டேன். அது பீரு."

"அது சக்கை!"

"பீரோட சக்கை."

"யோவ், நேத்து அந்தக் கிறுக்கன் சொன்னான்னு இன்னிக்கு வேலைய விட்டுட்டியா? அவன் என் தம்பி. பொறந்ததுலேர்ந்து பாக்குறேன், அவன் வாயிலேர்ந்து உருப்படியா ஒண்ணு வந்ததில்ல."

"இந்த விஷயத்துல சரியாத்தான் சொன்னான்."

அன்று குட்டிகளுக்கு மாடியில் காய்ந்த மிச்சம் கிடைத்தது. அதற்கு மறுநாள் வெறும் தட்டைத் தூள். என் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் அந்தக் கூண்டுகள். குட்டிகள் மண் கிண்ணங்களைப் பல்லால் கவ்விக் கவ்விக் கவிழ்க்கும் சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. கவிழ்த்துப் போட்டுவிட்டு, உள்ளே ஒன்றுமில்லையே என்று காதைத் தூக்கிக்கொண்டு நம்மைப் பார்க்கும் பாருங்கள், அந்தப் பார்வையைத் தாங்க முடியாது.

தொமிதிலா புருஷனைப் பாதரிடம் இழுத்துக்கொண்டு போனாள். பாதர் நல்லவர், சாப்பாட்டு ரசிகர். விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஃபிதென்சியோ, மொசலு தின்னது மொசலோட பாடு. நீ தின்னது மொசலு. மாதா உங்கிட்ட மொசலப் பத்திக் கேக்கமாட்டாங்க."

"சரிங்க பாதர்."

"அப்ப நாளைக்குப் போவியா?"

"போறேங்க பாதர்."

மறுநாள் அவனுக்கு முதுகு வலி.

தொமிதிலா ஹசிந்தாவையே வீட்டுக்கு வரவழைத்தாள். அவள் பாவம், ரப்பர் பூட்ஸோடு அப்படியே வந்து, கூண்டுகளுக்கு நடுவில் நின்று விளக்கினாள்.

"மாமா, இங்க பாருங்க. ஈஸ்டு போட்டாத்தான் பீரு. அதுக்கு முன்னாடி அது வெறும் சக்கரத் தண்ணி. நான் ஈஸ்டு போடுறதுக்கு முன்னாடியே சக்கைய எடுத்து வெளிய கொட்டிடுறேன். அடியில நிக்கிற மண்டி இருக்கே, அது பீரு. அத நான் உங்களுக்குக் குடுக்குறதே இல்ல. இந்தச் சக்கை பீரைப் பார்த்ததே இல்ல மாமா!"

"புரியுதும்மா" என்றான் ஃபிதென்சியோ. புரிந்தவன் முகம்தான் அது.

அடுத்த நாள் வண்டிச் சக்கரத்தில் காற்று இல்லை.

தொமிதிலா பம்பை எடுத்துவந்தாள். தானே காற்றடித்தாள். என் கதவைத் தட்டி, "அக்கா, கூட வர்றியா? ஒருத்தி தள்ளணும், ஒருத்தி மூட்டையப் பிடிக்கணும்" என்றாள். போனோம். வழியெல்லாம் புருஷனைத் திட்டிக்கொண்டே வந்தாள். சோம்பேறி, வீம்புக்காரன், மொசக்குட்டிகளைப் பட்டினி போடும் பாவி என்று. நானும் ஆமாம் ஆமாம் என்று வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தேன்.

ஹசிந்தா மூட்டை கட்ட உள்ளே போனாள். நாங்கள் வாசல் அறையில் நின்றோம். சின்ன அறை. ஒரு தராசு, ஒரு சன்னல். புளிக்க வைத்த பீப்பாய்கள் சுவரோரம் மெதுவாகக் குமிழ் விட்டுக்கொண்டிருந்தன. சன்னல் திட்டில், பதம் பார்க்கப் பீர் ஊற்றிய கண்ணாடிக் கோப்பை ஒன்று பாதி குடித்து வைத்தபடி இருந்தது. வெயில் அதற்குள் இறங்கித் தேன்போல நின்றது. அதற்கு மேலே, ஆணியில், ஃபிதென்சியோவின் ஓலைத் தொப்பி.

"காத்து அடிச்சுட்டுப் போயிடுச்சுன்னு சொன்னான்" என்றாள் தொமிதிலா மெதுவாக.

மூட்டையோடு வந்த ஹசிந்தா சிரித்தாள். "மாமாவோட தொப்பியா? எடுத்துட்டுப் போங்க அத்தை. சனிக்கிழமை விட்டுட்டுப் போயிட்டாரு. நான் உள்ள சக்கைய அள்ளிட்டு வர்றேன், ஆளக் காணோம்! வண்டியில பாதி மூட்டைதான் இருந்துச்சு, அதோட போயிட்டாரு. அவ்வளவு அவசரம். உடம்பு சரியில்லையோன்னு நெனச்சேன்."

தொமிதிலா தொப்பியை எடுத்தாள். கோப்பையைப் பார்த்தாள். தொப்பியைக் கோப்பைக்குப் பக்கத்தில் ஒருமுறை வைத்துப் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டாள். பிறகு வீடு வரும் வரை ஒரு திட்டுகூட அவள் வாயிலிருந்து வரவில்லை. தள்ளும் முறை என்னுடையதாக இருந்தும் வண்டியை அவளே தள்ளினாள்.

வீட்டில் ஒரு கூடைச் சக்கையை அள்ளிக் கிண்ணங்களில் நிரப்பப் போனாள். குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு வந்தன. பின்கதவில் ஃபிதென்சியோ நின்றிருந்தான்.

"அவ்வளவு வைக்காத. நாலஞ்சு நாளா ஈரம் தின்னாத வயிறு. ஒரு கைப்பிடி போதும், மிச்சம் தட்டை போடு. நாளைக்குக் கூட்டிக்கலாம்."

அவள் அப்படியே செய்தாள். செய்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு, தொப்பியை அவன் தலையில் வைத்து, முன்பக்கம் சற்று இழுத்துவிட்டாள். நான் சாக்கை உதறுவதுபோல் கொஞ்சம் தள்ளிப் போனேன். ஆனாலும் எங்கே போவது, சின்னக் கொல்லை.

"குடிச்சியா?"

"இல்ல."

"கெழவா."

"மாதா மேல ஆணை. எடுத்தேன். சன்னல்ல இருந்த கோப்பையக் கையில எடுத்தேன், மூக்கு வரைக்கும் கொண்டுபோனேன். அவ உள்ள சக்கை அள்ளுற சத்தம் கேக்குது. யாரும் இல்ல தொமி. யாராவது இந்தான்னு நீட்டினா, வேணாம், சத்தியத்துல இருக்கேன்னு சொல்லிடுவேன். சொல்லிச் சொல்லிப் பழகிடுச்சு. அங்க யாருமே நீட்டல. அது பாட்டுக்கு இருக்குது. யாருகிட்டப் போய் வேணாம்னு சொல்றது?"



"கீழ வச்சுட்டேன். எப்படி வச்சேன்னு தெரியல. வெளிய வந்துட்டேன். மறுநாளு உன் தம்பி அந்தக் கிண்டல் பண்ணான். சரி, இதையே சாக்கா வச்சுப்போம்னு..."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ பயந்துருவ."

"நான் பயப்படாத நாளு எது? உன்னக் கட்டிக்கிட்ட அன்னிக்கே பயத்தையும் சேத்துத்தான் கட்டிக்கிட்டேன்."

அவன் சிரித்துவிட்டான். அவளும். இருவர் கண்ணும் நனைந்திருந்தன, ஆனால் சிரிப்புதான் அது.

"மொசலுக்கு முன்னாலயும் பாதருக்கு முன்னாலயும் என்னைக் கோமாளியாக்கிட்ட" என்றாள். "அந்தப் பொண்ணு பூட்ஸோட வந்து ஈஸ்டப் பத்திப் பாடம் நடத்துனா. இவரு புரியுதும்மாங்குறாரு!"

"புரிஞ்சுதான் இருந்துச்சு."

அன்று இருவரும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். பீர்க் கூடத்துத் தெரு பெரிய சாலையில் சேரும் முனையில் ஒரு பிருல் மரம் உண்டு, பஸ் நிற்கும் இடம். அதுவரைக்கும் அந்த வாசனை வராது. வண்டியோடு அவன் அங்கே நிற்பான். அவள் போய் மூட்டையைத் தூக்கி வருவாள். மரத்திலிருந்து வீடு வரைக்கும் தள்ளுவது அவன் வேலை.

இரண்டு தடவை அப்படி நடந்தது. மூன்றாவது தடவை, மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு அக்கா வருவதையும், மச்சான் நிழலில் நிற்பதையும் பார்த்துவிட்டான் சிரிலோ. பஸ்ஸுக்கு நிற்கும் ஜனங்கள் முன்னாலேயே ஆரம்பித்தான்.

"அடடா, மகராசா நிழல்ல நிக்கிறாரு! பொண்டாட்டி கழுத்து ஒடிய சொமக்குறா! ஏன் மச்சான், அந்தத் தெருவுல உன்னய நாய் கடிச்சிருமா?"

தொமிதிலா வாயைத் திறந்தாள். ஃபிதென்சியோ கையைக் காட்டி அவளை நிறுத்தினான்.

"எனக்குப் பயம் மாப்ள" என்றான்.

"என்ன பயம்?"

"அங்க போனா குடிச்சிருவேன். அந்தப் பயம்."

இவ்வளவுதான் சொன்னான். சத்தமாகவும் இல்லை, மெதுவாகவும் இல்லை. பஸ்ஸுக்கு நின்றவர்களில் தலை நரைத்த ஒருவர் தொப்பியைக் கழற்றி மறுபடி வைத்துக்கொண்டார். சிரிலோவின் மீசை இரண்டு தடவை ஆடியது. போய் அக்காவின் தலையிலிருந்து மூட்டையை வாங்கி வண்டியில் வைத்தான்.

அதற்கு அடுத்த தடவை தொமிதிலா போவதற்குள் அவன் ஹசிந்தா வாசலில் நின்றிருந்தான். "நான் சொமக்குறேன்க்கா, நீ போயி மொசலப் பாரு." அன்றிலிருந்து சக்கை சுமப்பது அவன் வேலையாயிற்று. ஹசிந்தா கூலியாக ஒரு கோப்பை கொடுப்பாள், அவனும் குடிப்பான், சத்தியத்தில் இருப்பது அவன் அல்லவே. ஆனால் மரத்தடிக்கு வருவதற்கு முன் குழாயில் முகம் கழுவி, மீசையைச் சட்டை நுனியால் துடைத்து, இரண்டு புதினா மிட்டாயைக் கடகடவென்று கடித்துக்கொண்டு வருவான். மூட்டையை வைக்கும்போது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வான். ஃபிதென்சியோ ஒன்றும் கேட்கமாட்டான். "என்ன மாப்ள, கல்யாண மாப்பிள்ள மாதிரி மணக்குற" என்று மட்டும் ஒரு நாள் சொன்னான்.

குட்டிகள் கொழுத்துக்கொண்டு வந்தன. கறி விற்கும் பெண்கள் முதுகைக் கிள்ளிப் பார்த்து, இன்னொரு தடவை கிள்ளிப் பார்த்து, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். திருவிழாவுக்கு முன்தினம் அவர்களுக்கு உரியதைத் தொமிதிலா அறுத்துக் கொடுத்தாள். வீட்டுக்கென்று சிலவற்றை வைத்துக்கொண்டாள். பின்னால் பிறந்த சின்னக் குட்டிகள் கூண்டில் இருந்தன. அவற்றுக்குத் திருவிழாவும் தெரியாது, விடுமுறையும் தெரியாது.

ஆகவே சான் இசித்ரோ அன்று காலையிலும், மாலை போட்ட மாடுகளும் டிராக்டர்களும் கோயிலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தபோது, ஃபிதென்சியோ வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, காலி வண்டியோடு பிருல் மரத்தடியில் நின்றிருந்தான். நானும் பூ வாங்க அங்கேதான் நின்றிருந்தேன். ஊரில் வழக்கம் என்னவென்றால், சத்தியம் முடிகிற நாளில் பழைய சேக்காளிகள் பாட்டிலோடு காத்திருப்பார்கள். கடைவாசலில் நாலைந்து பேர் அவனைப் பார்த்துக்கொண்டே இருந்ததை நானும் பார்த்தேன்.

பச்சூக்கா பஸ் வந்து நின்றது. நெரெய்தா இடுப்பில் பையனோடு இறங்கினாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கட்டிப்பிடிக்கவில்லை.

"என்னப்பா இங்க நிக்கிற?"

"சக்கைக்கும்மா. மொசலுக்கு. உன் மாமா எடுத்துட்டு வருவான்."

"நீ போய் எடுக்கறதுக்கென்ன?"

"அங்க நான் போறதில்ல. அந்தத் தெருவுல எனக்கு வேல இல்ல. என் வேல இந்த மரத்துலேர்ந்துதான்."

நெரெய்தா தெருக்கோடியில் இருந்த பீர்க் கூடத்தைப் பார்த்தாள். அப்பாவின் கால்களைப் பார்த்தாள். சொன்ன இடத்தில் நிற்கவைத்த பிள்ளையின் கால்கள்போல அவை ஒட்டி நின்றன. அவள் குரல் கொஞ்சம் மாறியது.

"இன்னியோட முடியுதாமே?"

"காலையில பாதரப் பாத்துட்டு வந்தேன். மறுபடி செஞ்சுட்டேன்."

"எதுவரைக்கும்?"

"அடுத்த ஈஸ்டர் வரைக்கும். பாதர் ரெண்டு வருசம்னு சொல்லுடான்னாரு. எனக்கு அவ்வளவு தூரம் பாக்கத் தைரியம் வரல."

அதற்குத்தான் அவள் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, பையனைத் தாத்தாவிடம் நீட்டினாள். கையில் வண்டி அழுக்கு ஒட்டியிருக்கும் என்று அவன் கையை உதறினான், உதறிக்கொண்டே வாங்கினான். பையன் தாத்தாவின் தொப்பியைப் பிடுங்கித் தரையில் போட்டான். ஃபிதென்சியோ குனிந்து எடுத்து மறுபடி கொடுத்தான். மறுபடி போட்டான். கடைவாசலில் இருந்தவர்கள் இதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒருவன் பாட்டிலைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, ஊர்வலம் போன திசையில் நடந்தார்கள்.

சிரிலோ புதினா மணக்க வந்தான். அக்கா மகளைக் கண்டதும் மூட்டையை அப்படியே தொப்பென்று வண்டியில் போட்டான். சூடான சக்கை பிதுங்கி எல்லோர் காலிலும் தெறித்தது. இனி யார் தள்ளுவது என்று கேள்வி வந்தது. தாத்தாவின் கையில் பையன். நெரெய்தா, "நான் தள்றேன்" என்று குதிகால் செருப்பைக் கழற்றி மூட்டைமேல் வைத்துவிட்டு வண்டியைப் பிடித்தாள். ஒற்றைச் சக்கர வண்டியைத் தள்ளிப் பழகாத கை. வண்டி இந்தப் பக்கம் சாய்ந்தது, அந்தப் பக்கம் சாய்ந்தது. "நேராப் பிடிடி, மாட்ட மேய்க்கிற மாதிரி போறியே!" என்று மாமா கத்த, "நீ வாய மூடிட்டு வா மாமா!" என்று அவள் திருப்பிக் கத்த, வழி நெடுகச் சக்கை சிந்திக்கொண்டே போனார்கள்.

தொமிதிலா வாசலில் கரண்டியோடு நின்றாள். மகள் வருவதைப் பார்த்தாள். பேரனைப் பார்த்தாள். பேரனைத் தூக்கிக்கொண்டு நடக்கும் கிழவனைக் கொஞ்ச நேரம் நன்றாகப் பார்த்தாள். பிறகு தெருவில் நீண்டு கிடந்த சக்கைக் கோட்டைப் பார்த்தாள். அதற்குள் குருவிகள் இறங்கிவிட்டிருந்தன.

"பாதி மூட்டை ரோட்டுலயே போயிடுச்சே!" என்று கத்தினாள். "கூண்டுல இருக்குறதுங்க என்னத்தத் தின்னும்? நாளைக்கு நாலு பேரும் போயி குதிரைமசால் வாங்கிட்டு வாங்க, எங்கயிருந்து வாங்குவீங்களோ!"

கத்திக்கொண்டே நெரெய்தாவின் கையிலிருந்து வண்டியைப் பிடுங்கி உள்ளே தள்ளினாள். அவள் கழுத்தை மகள் பின்னாலிருந்து கட்டிக்கொண்டதால் வண்டி இன்னொரு தடவை சாய்ந்தது.